கல்லாறு தாண்டினால் புகை

அந்தக் காரில் ஒரே ஒரு கோளாறுதான் இருந்தது. அதில் ஏறி மலைக்குப் போனால் அண்ணாச்சியின் மனைவிக்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் வாந்தி வரும். மற்றபடி நல்ல வண்டி. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது, கறுப்பு, உருண்டை முதுகு. முதலில் ஒரு தோட்டத் துரை, பிறகு ஒரு டாக்டர், டாக்டரிடமிருந்து அண்ணாச்சி. கதவை அடைத்தால் இரும்புப் பெட்டியை மூடுகிற சத்தம் கேட்கும்.

அண்ணாச்சிக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் தேயிலைத்தூள் மொத்தக் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இளவயதில் தூள் வாங்கப் பொன்முடி மலைத் தோட்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், அங்கே லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளில், பிறந்து கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கல்யாணம் செய்து கீழே கூட்டிவந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு ஒரு அக்கா. கல்யாணம் ஆகாதவர், லயத்தைவிட்டு இறங்காதவர். நான் சொல்லவரும் வருடம் மழையில் தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு போய்ப் படுத்துவிட்டார். தோட்டத்து லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருந்தார், ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று. தங்கை இந்தக் காரில் மூன்று தடவை கிளம்பினார். மூன்று தடவையும் பாதி வழியில் திரும்பினார்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது வண்டி எங்கள் பட்டறைக்கு வந்த அன்று.

நான் அப்போது கிள்ளிப்பாலத்தில் ஒரு கார்ப் பட்டறையில் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தவன். நாகர்கோவிலில் சைக்கிள் கடை, மதுரையில் லாரி ஷெட், பம்பாயில் டாக்ஸி ஷெட், நடுவில் கோயம்புத்தூரில் மோட்டார் பம்பு. எங்கும் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. யாரோடும் சண்டை கிடையாது. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது இந்த இடம் போதும் என்று தோன்றும். அவ்வளவுதான். திருவனந்தபுரத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது, எனக்கு அது அதிகம். உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்திருந்தது. வேலை முடிந்ததும் தம்பானூர் வரை நடந்து போய் அங்கே நிற்கிற பஸ்களின் பலகைகளைப் படித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

படுக்கை, யாரோ ஒருவருடைய காரிலிருந்து கழற்றிப்போட்ட பின்சீட்டு. மழை பெய்தால் தகரம் ஒழுகும். ஒழுகாத பக்கம் சீட்டை இழுத்துப் போட்டுக்கொள்வேன். குளியல் கரமனை ஆற்றில். மத்தியானம் ஒரு சாப்பாடு, ராத்திரி பழம். என்னோடு வேலை செய்தவர்கள் எல்லாரும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தார்கள், அதனால் அது கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை.

அண்ணாச்சி வண்டியை நிறுத்தி இறங்கியதும் உட்காராமல் பட்டறைக்குள் மேலும் கீழும் நடந்தார். அவருக்கு நிற்கத் தெரியாது. பேசுவதும் நடந்துகொண்டேதான்.

"என்னவே, இதை ஒரு மனுசி ஏறிப் போற வண்டியா ஆக்கித் தருவீரா, மாட்டீரா?" என்று முதலாளியிடம் கேட்டார்.

முதலாளி மலையாளி. எங்களிடம் பேசும்போது தமிழும் மலையாளமும் ஒரே சட்டியில் கிண்டி ஊற்றுவார். "அண்ணாச்சி, எஞ்சின் தேய்ஞ்சு போயி. இனி சிலிண்டர் போர் செய்யணும், பிஸ்டன் ரிங் மாத்தணும். ஒரு மாசம் வேணும், கேட்டோ."

"மாசமா? அவ அக்கா அதுவரைக்கும் கெடக்கணுமேவே."

"என்னா ஒரு டாக்ஸி பிடிச்சுப் போலாமல்லோ."

"பிடிச்சேனே! டீசல் நாத்தம். நெடுமங்காடு எத்தல, அதுக்குள்ள சர்த்தி. பஸ்ஸுல நிக்க இடமில்ல. ஜீப்புல ஏறினா எலும்பு எளகுது. இனி டோலி கட்டித் தூக்கிட்டுத்தான் போகணும். நீர் முன்னால புடிக்கேரா?"

நான் பானெட்டுக்குள் தலையை விட்டபடி கேட்டேன். "வாந்தி எங்க வரும், அண்ணாச்சி?"

"வாயிலதாம்ல வரும். வேற எங்க வரும்?"

பட்டறை சிரித்தது. முதலாளி சத்தமாகச் சிரித்தார். வாசலில் வேப்பமர நிழலில் ஒரு பெண் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். ஒல்லி, நாற்பது வயதிருக்கும், சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டி மூக்குக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தார். அண்ணாச்சியின் மனைவி. அவர்தான் பதில் சொன்னார்.

"கல்லாறு தாண்டினா வரும், தம்பி. வித்துரா வரைக்கும் சுகமா வருவேன். வேர்க்கடலை கூட வாங்கித் தின்னுட்டு வருவேன். கல்லாறு பாலம் கடந்து மேல ஏறுதோ இல்லையோ, கால்கிட்ட இருந்து ஒரு நாத்தம் எழும்பும். எண்ணெய் தீஞ்ச நாத்தம். அப்புறம் நெஞ்சு அடைச்சிரும்."

"மூணு தடவையும் அங்கயேதானா, மதினி?"

"அங்கயேதான். ரெண்டாவது வளைவு, மூணாவது வளைவு. அதுக்கு மேல நான் இந்த வண்டியில போனதே இல்ல."

எனக்கு அந்த இடத்திலேயே விஷயம் பிடிபட்டது. அதற்கு முன் பார்த்தவர்கள் எல்லாரும் கார்புரேட்டரைக் குற்றம் சொன்னார்கள், பெட்ரோல் குழாயைச் சொன்னார்கள், கடைசியில் மதினியின் வயிற்றைச் சொன்னார்கள். யாரும் இடத்தைக் கேட்கவில்லை.

எஞ்சினுக்குள் எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக நழுவி, கீழே எண்ணெய் இருக்கிற அறைக்குள் போய்விடும். ரிங் தேய்ந்த எஞ்சினில் அது இன்னும் அதிகம். அந்தப் புகை வெளியே போக வழி வேண்டும். வழி இல்லையென்றால் உள்ளே அழுத்தம் ஏறி, எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரும். பழைய வண்டிகளில் அதற்கு ஒரு வளைந்த குழாய் வைத்திருப்பார்கள். எஞ்சின் பக்கவாட்டிலிருந்து இறங்கி ரோட்டைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும். வண்டி வேகமாகப் போனால் அடியில் ஓடுகிற காற்று அந்தப் புகையை உறிஞ்சிப் பின்னால் விட்டுவிடும். வண்டி மெதுவானால் உறிஞ்சக் காற்று இல்லை. புகை அங்கேயே சுருண்டு, கியர் கம்பி நிற்கிற ஓட்டை வழியாக, காலடிப் பலகையின் இடுக்கு வழியாக உள்ளே ஏறும். கல்லாறு வரைக்கும் சமதரை. கல்லாறு தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள், சைக்கிள் வேகம். மதினியின் மூக்கு சரியான இடத்தைத்தான் சொல்லியிருந்தது.

பம்பாயில் ஒரு அமெரிக்க வண்டியில் இதற்கு வேறு ஏற்பாடு பார்த்திருந்தேன். புகையை ரோட்டில் விடாமல், ஒரு சின்ன வால்வு வழியாக எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும். அன்று அது என்னவென்று தெரியாமல் கழற்றி, குலுக்கிப் பார்த்து, கடகட என்று ஆடுவதால் கெட்டுப்போனது என்று தூக்கி எறிந்தேன். அந்த வண்டிக்காரர் என் முதுகில் ஒன்று வைத்த பிறகுதான் அது ஆடத்தான் வேண்டும் என்று தெரிந்தது.

"ரெண்டு நாள் குடுங்க, அண்ணாச்சி. எஞ்சினை இறக்க வேண்டாம்," என்றேன்.

முதலாளி என்னை ஓரமாக இழுத்தார். "எடா, மண்டத்தரம் பேசாத. கம்பெனிக்காரன் வெச்ச குழாயை நீ எதுக்கு மாத்துணே? அவனுக்கு அறிவில்லயா?"

"இருந்துச்சு, முதலாளி. அவன் ஊர்ல பொன்முடி இல்ல."

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "குளமாயா உன் தலையில," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கெட்டுப்போனால் பழி உன்மேல் என்று அர்த்தம். அது போதும் எனக்கு.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் பழைய இரும்புக் கடை ஒன்றில் அரை நாள் கிடந்தேன். இடிபட்டு வந்த சின்னக் கார்களின் எஞ்சின்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். மூன்று வால்வுகளைக் கழற்றினேன். ஒன்றில் கரி அடைத்து ஆடவில்லை. ஒன்று ஆடியது, ஆனால் இரண்டு பக்கமும் ஊதினால் காற்று போனது. மூன்றாவதை ஒரு பக்கம் ஊதினால் போனது, மறுபக்கம் ஊதினால் நின்றது. வாயெல்லாம் கரி. கடைக்காரர், "அண்ணாச்சிமார் இப்ப இதையும் ஊதித் தின்னத் தொடங்கியாச்சா?" என்று கேட்டார். அந்த ஊரில் தமிழன் எவனும் அண்ணாச்சிதான்.

காற்றும் பெட்ரோலும் எஞ்சினுக்குள் நுழைகிற இரும்புக் குழாயில் லேத்துப் பட்டறையில் ஒரு ஓட்டை போட்டு மரை வெட்டி வாங்கினேன். ரோட்டைப் பார்த்த பழைய குழாயை அறுத்து, அதன் தலையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, நடுவே வால்வை வைத்து, புது ஓட்டையோடு இணைத்தேன். புகையோடு எண்ணெய்த் துளியும் உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காக வழியில் ஒரு தகர டப்பா பற்றவைத்து, அதற்குள் பாத்திரம் தேய்க்கிற கம்பிச்சுருளை அடைத்தேன். புகை போகும், துளி கம்பியில் தங்கும்.

இன்னொரு வேலை மிச்சம். ஒரு பக்கம் உறிஞ்சினால் மறுபக்கம் சுத்தக் காற்று நுழைய வேண்டும். எஞ்சின் தலையில் எண்ணெய் ஊற்றுகிற மூடி இருக்கிறதே, அதில் ஆறு சின்ன ஓட்டைகள் போட்டேன். உள்பக்கம் சல்லடைத் துணி வைத்தேன். ஓட்டைகளை மூடியின் விளிம்பில் போட்டிருக்க வேண்டும். விளிம்பு வளைவாக இருந்தது, டிரில் வழுக்கியது, எனக்குப் பொறுமை இல்லை. மேலேயே, தட்டையாக இருந்த இடத்தில், வட்டமாகப் போட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் எஞ்சினை ஓடவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து மூடியின்மேல் வைத்தேன். டிக்கெட் ஒட்டிக்கொண்டது. அண்ணாச்சி அதைப் பிய்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் ஒட்டியது.

"மூச்சு உள்ள இழுக்குதுல்லா?"

"ஆமா. அதிகம் மிதிக்காம, சின்ன கியர்ல ஏறணும். அழுத்தி மிதிச்சா இழுவை குறைஞ்சிரும்."

"அப்ப நீயே ஓட்டு. நீ கட்டினதை நீயே ஓட்டு. வழியில அவளுக்கு ஏதாவது ஆச்சு, உன்னை அந்தக் கல்லாத்துலயே போட்டுட்டு வந்துருவேன்."

மறுநாள் காலை ஆரியசாலையில் அவர்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினோம். நான் போனபோது வண்டிக்கு மாலை போட்டாகிவிட்டது. ஒரு எலுமிச்சம்பழம் சக்கரத்துக்கடியில். மதினி குளித்துவிட்டு ஈரத்தலையோடு சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். ஸ்டியரிங்கில் ஒரு பொட்டு, நான்கு கதவிலும் ஒவ்வொரு பொட்டு. பானெட்டைத் திறக்கச் சொன்னார். நான்தான் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். புதிதாக வேலை செய்த இடம் எது என்று கேட்டார். டப்பாவைக் காட்டினேன், வால்வைக் காட்டினேன், மூடியைக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தார். மிச்சச் சந்தனத்தை என் கையில் கொடுத்தார். நான் கழுத்தில் தடவிக்கொண்டேன்.

இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. பட்டறையைவிட்டு வெளியே போகிற வண்டி எதுவும் எங்கள் கையால் சந்தனம் படாமல் போனதில்லை. அதை நாங்கள் பார்ப்பதே இல்லை. பெயிண்டைப்போல அதுவும் வண்டியில் இருக்கிற ஒன்று.

மதினியை முன்சீட்டில், ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். பின்னால் அண்ணாச்சி, ஒரு மெத்தை, மூட்டையில் மருந்து, ரொட்டி, நேந்திரங்காய் வறுவல். வித்துராவில் மதினி வேர்க்கடலை வாங்கவில்லை. கல்லாறு பாலம் வந்தது. ஆற்றில் தண்ணீர் பாறைகளுக்கிடையே கத்திக்கொண்டு போனது. அவர் தலைப்பைக் கையில் சுருட்டினார்.

முதல் வளைவு. அவர் குனிந்து காலடியில் மோந்து பார்த்தார். "இல்ல," என்றார்.

இரண்டாவது. "இல்ல."

மூன்றாவது. வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. "இல்ல, தம்பி. நாத்தமே இல்ல."

"நான் சொன்னேம்லா," என்று பின்னாலிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை. எஞ்சினிலிருந்து மெல்லிய ஊளை ஒன்று வந்தது. காலை லேசாக எடுத்தால் உயர்ந்தது, மிதித்தால் அடங்கியது. ஃபேன் பெல்ட் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, அப்படி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நிறுத்திப் பார்க்கிற ஆள் இல்லை நான். ஓடிக்கொண்டிருந்தால் போதும்.

ஏழாவது வளைவில் மேலிருந்து பஸ் இறங்கியது. ஓரங்கட்டி நின்று வழிவிட்டேன். பஸ் போனதும் அந்தச் செங்குத்தில் நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுக்க வேண்டியிருந்தது. அழுத்தி மிதித்தேன். முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம். அடுத்த நிமிடம் பானெட் இடுக்குகளிலிருந்து வெள்ளைப் புகை. எண்ணெய் தீய்கிற நாற்றம் ஒரு அலையாக உள்ளே வந்தது.

நான் நிறுத்துவதற்குள் மதினி கதவைத் திறந்துவிட்டார். தலைப்பை முகத்தில் அழுத்திக்கொண்டு ஓடிப்போய் ரோட்டோரக் கட்டைச்சுவரைப் பிடித்துக் குனிந்தார். முதுகு ஏறி இறங்கியது. விசில் அடிப்பதுபோல் மூச்சு வந்தது.

"சவத்துப் பய மவனே!" அண்ணாச்சி மெத்தையைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். "கம்பெனிக்காரன் வெச்சதை மாத்தாதேன்னு அந்த மனுசன் படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லா? கேட்டியால நீ? எடு வண்டியை. திருப்பு. கீழ விடு."

நான் பானெட்டைத் திறந்தேன். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பி அதன் குழாயிலிருந்து எகிறி வெளியே கிடந்தது. அந்தக் குழாய் வழியாக எண்ணெய் பீறிட்டு, சூடான சைலென்சர் குழாய்மேல் விழுந்து கொதித்தது. உள்ளே அழுத்தம். ஏன் அழுத்தம்? வால்வைக் கழற்றிக் குலுக்கினேன், ஆடியது. ஊதினேன், ஒரு பக்கம் மட்டும் போனது. ஹோஸ் அடைக்கவில்லை. டப்பா அடைக்கவில்லை. கை பொசுங்கியது, பொருட்படுத்தவில்லை. மூடியைக் கழற்றலாம் என்று கையை வைத்தேன். விரலில் சொரசொரவென்று ஏதோ தட்டியது.

சந்தனம். எஞ்சின் சூட்டில் காய்ந்து சிமெண்டுபோல இறுகியிருந்தது. நடுவில் குங்குமம், அதில் ஒரு அரளி இதழ். ஆறு ஓட்டைகளும் அதற்கடியில்.

ஊளை எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. உறிஞ்சுவதற்குக் காற்று கிடைக்காமல் எஞ்சின் தன் இடுக்குகள் வழியாக இழுத்திருக்கிறது. அழுத்தி மிதித்ததும் இழுவை நின்று, புகை போக இடமில்லாமல் கம்பியைத் துப்பிவிட்டது.

"அண்ணாச்சி, சந்தனம்," என்றேன். "ஓட்டை அடைச்சிருச்சு."

அவர் வந்து பார்த்தார். பார்த்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். "ஏட்டீ, எஞ்சினுக்கு எதுக்குட்டீ சந்தனம்? அது என்ன மாப்பிள்ளையா?"

மதினி நிமிர்ந்தார். மூச்சு இன்னும் சீராகவில்லை, ஆனால் குரல் வந்தது. "அது... மூச்சு விடுற ஓட்டைன்னு... எனக்கு யார் சொன்னா? நீங்க சொன்னீங்களா? நேத்து டிக்கெட் ஒட்டிப் பார்த்தேன், அதைப் பார்த்தேன், இதைப் பார்த்தேன்னு ராத்திரி முழுக்க... பீத்தினீங்க. ஓட்டைன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அண்ணாச்சி சந்தனத்தை நகத்தால் சுரண்டப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார்.

"ஓட்டையை மேல போட்டவன் நான்தான், மதினி," என்றேன். "நீங்க வைக்கும்போது பானெட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னவனும் நான்தான்."

"ஆமா, நின்ன. கழுத்துலயும் தடவிக்கிட்ட." அவர் சிரிக்க முயன்றார், இருமல் வந்தது.

சைலென்சர் குழாயில் எண்ணெய் எரிந்து தீரும்வரை வண்டியைத் தொட முடியாது. மருந்து மூட்டையிலிருந்து ஒரு ஊசி வாங்கி, ஓட்டை ஓட்டையாகக் குத்திச் சந்தனத்தை எடுத்தேன். வழிந்து கிடந்த எண்ணெயைத் துணியால் துடைத்தேன். அண்ணாச்சி ரோட்டில் மேலும் கீழும் நடந்தார், நிற்காமல். அவர் காலில் அட்டை ஏறியிருந்தது. அவருக்குத் தெரியவில்லை. மதினி உட்கார்ந்த இடத்திலிருந்தே அவரைக் கூப்பிட்டு, காலைப் பிடித்து, நகத்தால் அட்டையைச் சுண்டித் தூர எறிந்தார். இரத்தம் நூலாக வழிந்தது.

"திரும்பிருவோம்," என்றார் அண்ணாச்சி. இப்போது குரலில் கோபம் இல்லை. "இன்னும் பதினஞ்சு வளைவு இருக்கு. மேல வெச்சு உனக்கு இழுத்துக்கிட்டா நான் யாரைக் கூப்பிடுவேன்?"

நான் எஞ்சினைப் போட்டேன். கம்பியை அழுத்திச் சொருகினேன். கீழே கிடந்த ஒரு சருகை எடுத்து மூடியின்மேல் வைத்தேன். சருகு நடுங்கி, பிறகு மூடியோடு ஒட்டிக்கொண்டது. ஊளை இல்லை. மதினி எழுந்து பக்கத்தில் வந்து அதைப் பார்த்தார். தானே ஒரு சருகை எடுத்து வைத்தார். அதுவும் ஒட்டியது. விரலால் ஒரு ஓட்டையைப் பொத்திப் பார்த்தார். பிறகு குனிந்து, கொதிக்கிற எஞ்சினுக்கு ஒரு முழம் மேலே முகத்தைக் கொண்டுபோய், மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார். நான் பதறிப்போனேன். அந்த எஞ்சினுக்கு முன்னால் அவர் மூக்கைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எண்ணெய் வாசம் இருக்கு. தீஞ்ச வாசம் கொஞ்சம் இருக்கு," என்றார். "அது துணி வாசம். நெஞ்சை அடைக்கல." அண்ணாச்சியைப் பார்த்து, "ஏறுங்க," என்றார்.

"யோசிச்சுக்கோ."

"நாலாவது தடவையும் யோசிச்சா அவ என்னைத் தங்கச்சின்னே சொல்ல மாட்டா. ஏறுங்கங்கேன்."

அதற்குமேல் நான் முட்டை மேல் கால் வைப்பதுபோல மிதித்தேன். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல். பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்துச் சலித்து முந்திப்போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எங்கும் போனதில்லை. உள்ளங்கால் துடித்தது. மதினி ஒவ்வொரு வளைவுக்கும் குனிந்து மோந்துகொண்டே வந்தார். சொல்வதை நிறுத்திவிட்டார், தலையை மட்டும் ஆட்டினார். பனி வந்து கண்ணாடியை மூடியது. திறந்தது. மறுபடி மூடியது.

பதினெட்டாவது வளைவோ பத்தொன்பதோ, அவர் குனியவில்லை. மாறாக ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டினார். பயந்துபோய் வண்டியை மெதுவாக்கினேன்.

"நிறுத்தாத, போ," என்றார். "ஃபேக்டரி ஓடுது இன்னைக்கு. கொழுந்து வறுபடுது. உனக்கு அடிக்கல?"

எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. என் மூக்கு எண்ணெயில் செத்து வெகுகாலமாகிவிட்டது. அண்ணாச்சி பின்னால் மூக்கைச் சுளித்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "ரெண்டாந்தரத் தூளு," என்றார். வியாபாரி.

லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியபோது அக்கம்பக்கத்து ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். அக்கா படுத்திருந்த கட்டிலை வாசலுக்கு நேராகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மதினி இறங்கி நடந்தார். ஓடவில்லை. வாசற்படியில் நின்று ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

"என்னடி, வளைவுல எப்பவோ வண்டிச் சத்தம் கேட்டுச்சு," என்று அக்காவின் குரல் கேட்டது. "அப்புறம் நின்னு போச்சு. மறுபடியும் திரும்பிட்டியோன்னு வாசலைச் சாத்தச் சொல்லப் பார்த்தேன்."

"ஏழாம் வளைவுல ஒரு பூசை இருந்துச்சு, அக்கா."

"பூசையா? ஏழாம் வளைவுல என்னடி கோயிலு?"

"இரு, சொல்றேன். முதல்ல நகரு. இந்த மெத்தையைப் போடணும்."

"மெத்தை எல்லாம் எதுக்கு? நீ எத்தனை நாள் இருப்ப? பொழுது சாய அந்தாளு ஹாரன் அடிப்பாரு, நீ ஓடிருவ."

"அவர் போகட்டும். நான் இருக்கேன்."

அண்ணாச்சி வாசலுக்கு வெளியே நின்று இதைக் கேட்டார். மூட்டையைக் கீழே வைத்தார். என் பக்கம் வந்து, "எத்தனை நாளுன்னு கேளுல," என்று மெதுவாகச் சொன்னார்.

"நீங்க கேளுங்க, அண்ணாச்சி."

அவர் கேட்கவில்லை. நான் டின்னிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றினேன். கம்பியைத் துடைத்துச் சொருகி அளவு பார்த்தேன், இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். உள்ளே இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள், யாரும் யாரையும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் காது கொடுத்தது ஒன்றுக்குத்தான். இருமல் வருகிறதா என்று. கால் மணி நேரம் வரவில்லை. அரை மணி நேரம் வரவில்லை. பிறகு ஒரு இருமல், தொடர்ந்து இன்னொன்று, அடக்க முடியாமல். அண்ணாச்சியும் நானும் ஒன்றாக வாசலுக்குப் பாய்ந்தோம்.

அக்காதான் இருமிக்கொண்டிருந்தார். சந்தனக் கதையைக் கேட்டுச் சிரித்ததில் புரையேறியிருந்தது. மதினி அவர் தலையில் தட்டிக்கொண்டே எங்களைப் பார்த்து, "கதவை மறைக்காதீங்க, காத்து வரட்டும்," என்றார்.